தோற்றவனுக்கும் ஒரு நாளை வேண்டும்

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த நாள்தொட்டுத் தமிழர்கள் கேட்டுவரும் கேள்வி இது. 2022இலும் 2023இலும் அது திரைக்கு வந்தபின் நம் விடுதி அறைகளில் வழக்காடு மன்றமே நடக்கிறது. ஒருவர் உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றுகிறார்; மற்றொருவர் இராசராசன் மீதே ஐயங்கொள்கிறார். உடையார்குடிக் கல்வெட்டோ, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறித்துவிட்டு, அவர்களை ஏவியவர் உண்டா என்பதைப் பற்றி வாய் திறவாமல் நிற்கிறது.

நண்பர்களே! கொலையாளியைத் தேடுவது சுவையான பொழுதுபோக்குத்தான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. ஓர் அரியணைக்கு ஆள் மாறும்போது குருதி ஆறாக ஓடுகிறது. இன்னோர் அரியணைக்கு ஆள் மாறும்போது ஓடவில்லை. ஏன்? விஞ்ஞானம் பயில்பவனுக்கு ஒருமுறை நடந்த நிகழ்ச்சியைக் காட்டிலும், அது திரும்பத் திரும்ப நடப்பதன் காரணமே பெரிது.

‘வாரிசு யார் என்பதில் தெளிவில்லாததுதான் காரணம்’ என்பார்கள். மதுரையைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் முடிசூடி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாடாண்டவன். அவனுக்குப் பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன். காமக்கிழத்தியின் மகன் வீர பாண்டியன். தந்தையின் மனம் வீர பாண்டியன்பால் சாய்ந்தது. 1310இல் சுந்தர பாண்டியன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதிவைத்திருக்கிறார். உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் வேட்டையாடிக்கொண்டிருந்த வேளையில், 1311இல் மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்து செல்வத்தை அள்ளிச் சென்றது. சற்றுப் பின்னர் வேணாட்டு இரவிவர்ம குலசேகரன் காஞ்சி வரையில் படையோடு வந்து முடிசூடிக்கொண்டான். வீடு இரண்டுபட்டது, வந்தவர் போனவரெல்லாம் விருந்துண்டனர்.

அப்படியானால், தெளிவான முறை இருந்த நாட்டில் அமைதி நிலவியிருக்க வேண்டுமல்லவா? நமக்கு அண்மையிலுள்ள திருவிதாங்கூரைப் பாருங்கள். அங்கே மருமக்கள்தாயம் என்ற முறை ஐயத்துக்கிடமின்றி வேரூன்றியிருந்தது. மன்னனுக்குப் பின் அவன் மகன் வரமாட்டான். உடன்பிறந்தாளின் மகனே வருவான். 1729இல் இராமவர்மா மறைந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். முறைப்படி அதில் குற்றமில்லை. ஆயினும் மன்னரின் மக்கள் பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் தந்தையின் அரியணை தமக்கே உரியது என்றனர். எட்டு வீட்டில் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து படையுதவி தேடினர் என்றும் அந்நாட்டு மரபு வரலாறு கூறும். முடிவு என்ன? தம்பிமார் நாகர்கோவில் அரண்மனையில் வெட்டுண்டு மாய்ந்தனர். பிள்ளைமார் தூக்கிலேறினர். அதே மார்த்தாண்ட வர்மாதான் 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். பெருமைக்குரிய ஆட்சிதான். ஆனால் அதன் வாயிற்படியில் குருதி உறைந்திருக்கிறது.

ஆகவே, தெளிவான விதி இருந்தால் போதும் என்ற கூற்று இங்கே தோற்றுவிடுகிறது. பிறகு எதில் இருக்கிறது காரணம்? மார்த்தாண்ட வர்மாவின் இளமையைக் கவனியுங்கள். பகைவருக்கு அஞ்சி ஊர் ஊராக ஒளிந்து திரிந்தவர் அவர். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்துப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். அவர் தோற்றிருந்தால் அவருக்கு மறுநாள் இல்லை. தம்பிமார் தோற்றனர், அவர்களுக்கு மறுநாள் இல்லாமற் போயிற்று. இரு தரப்புக்கும் இது தெரிந்திருந்தது. தோல்வி என்றால் சாவு என்று ஆனபின் விட்டுக்கொடுக்க எவன் முன்வருவான்? நல்லவனும் அங்கே வாளைத்தான் தேடுவான்.

இது தென்னாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. சீனத்தில் தாங் வமிசத்தின் தொடக்கத்தில், 626ஆம் ஆண்டு, இளவரசன் லி ஷிமின் தலைநகரின் சுவான்வு வாயிலில் பதுங்கியிருந்து, பட்டத்து இளவரசனான தன் அண்ணன் லி ஜியன்செங்கையும் தம்பி லி யுவான்ஜியையும் கொன்றான். அவர்கள் பெற்ற ஆண்மக்களும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே தந்தை அரியணையை விட்டு இறங்கினார். அந்த லி ஷிமின்தான் தைசோங் என்ற பெயரில், சீனம் போற்றும் பேரரசர்களுள் ஒருவனாக விளங்கினான். ஆனால் வினை வீடு தேடி வந்தது. 643இல் அவனுடைய மூத்த மகனே சதியில் சிக்கிப் பட்டத்துரிமையை இழந்தான். அடுத்த மகன் லி தாய் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டான். அப்போது தைசோங் எடுத்த முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. லி தாய் அரசனானால் மற்ற இருவரும் உயிர் பிழைக்க மாட்டார்கள். இளையவனான லி ஜி அரசனானால் மூவருமே பிழைப்பார்கள் என்று கருதி, அவன் லி ஜியைத் தேர்ந்தெடுத்தான். அண்ணன் தம்பியரைக் கொன்று முடிசூடியவன், ‘இவன் வென்றால் தோற்றவர்கள் வாழ்வார்களா?’ என்ற கேள்வியை வைத்தே வாரிசைத் தேடினான்! உரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

இனித் தஞ்சைக்குத் திரும்புவோம். கரிகாலன் கொலையுண்ட பின் அரியணை அருண்மொழிக்கு வரவில்லை. சிற்றப்பன் முறையினனான உத்தமனுக்குச் சென்றது. சிற்றப்பன் விரும்பும் வரையில் அருண்மொழி அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. மகன் காலத்துச் செப்பேடு தந்தையைப் புகழாமல் வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் புகழ்மொழியை நீக்கிய பின்னும் இரண்டு செய்திகள் எஞ்சி நிற்கின்றன. உத்தமன் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். 985இல் ஆட்சி அருண்மொழியின் கைக்கு வந்தது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயில் அலுவல்களைக் கவனிக்கும் உயர் அதிகாரியாகப் பணியாற்றினான். அரியணையை இழந்த கிளைக்கு அரசில் ஓர் இடம் இருந்தது! காத்திருந்தவனுக்கு ஒரு நாளை கிடைத்தது. விலகிய கிளைக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது. பிறகு இராசராசன், தான் உயிரோடிருக்கும்போதே, 1012இல் இராசேந்திரனை ஆட்சியில் இணைத்துக்கொண்டான். இராசேந்திரனும் 1018இல் தன் மகன் இராசாதிராசனை அவ்வாறே இணைத்தான். கைமாற்றம் ஊரறிய நடந்தது. சோழர் எப்போதும் இப்படியே இருந்தனர் என்று நான் சொல்லவில்லை. 1070இல் அதிராசேந்திரன் முடிசூடிய சில திங்களில் மாண்டதும், குலோத்துங்கன் வந்ததும் வேறு கதை. முறை கைவிடப்படும்போது பழைய நோய் திரும்புகிறது என்பதற்கு அதுவே சான்று.

மக்களாட்சியின் மாண்பு இங்கேதான் எனக்கு விளங்குகிறது. ‘நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை’ என்று அதைப் புகழ்கிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தேர்தலில் பொல்லாதவரும் வெல்லக் காண்கிறோம். ஆனால் தோற்றவன் வீட்டுக்கு நடந்துபோய்ச் சோறு உண்டு உறங்கலாம். ஐந்தாண்டு கழித்து மீண்டும் வரலாம். இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பை அரசியல் கண்டதில்லை. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் மறைந்தபின், பத்மநாபசுவாமி கோயிலின் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. 2011இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு விதமாகத் தீர்ப்பளித்தது. 2020இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது. 1729இல் வாள் பேசிய அதே குலத்தின் உரிமை வழக்கில் இப்போது வழக்குரைஞர் பேசினார். ஒரு துளி குருதி சிந்தவில்லை.

மற்றொன்றும் உண்டு. ஒரே இருக்கையில் எல்லா அதிகாரத்தையும் குவித்தால், அதற்காகக் கொலையும் நடக்கும். நான் அறிந்த அகளிப் பக்கத்து இருளர் ஊர்களின் பழைய அமைப்பில் மூப்பன், குருதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்று நான்கு பொறுப்புகள் உண்டு. பொதுப் பொருள் பண்டாரியிடம். நிலமும் விதைப்பும் மண்ணுக்காரனிடம். மூப்பன் பெரியவன்தான். ஆனால் எல்லாம் அவனல்லன். பேரரசுகள் தவறவிட்ட ஒன்றைச் சிற்றூர் பிடித்துவைத்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழர் குடியேறிய ஊரில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தால், விரைவில் இரண்டு இருக்கும் என்று பிறர் நகைக்கிறார்கள். ஏன் இந்த நகைப்புக்கு ஆளானோம்? தேர்தலில் வென்ற அணி எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. தோற்றவனுக்கு விழாவில் நாற்காலி இல்லை; மலரில் பக்கம் இல்லை; குழுவில் பெயர் இல்லை. அவனுக்கு இங்கே நாளை இல்லை. ஆகவே வெளியே போய் வேறொரு சங்கம் தொடங்குகிறான். அவனை மட்டும் பழிப்பது முறையா?

ஆதலால் நம் சங்க விதிகளில் மூன்று திருத்தங்கள் வேண்டும் என்பது என் கருத்து. தலைவர் தேர்தலில் இரண்டாம் இடம் பெற்றவருக்குச் செயற்குழுவில் ஓர் இடம் உரிமையாக வேண்டும், அருளாக அன்று. கணக்கும் ஏடுகளும் பொதுக்குழுவின் முன்னிலையில் பழைய செயலாளரிடமிருந்து புதியவர் கைக்கு மாற வேண்டும். மலரின் ஆசிரியரைத் தலைவர் அமர்த்தாமல் பொதுக்குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு சங்கத்துக்கு இவ்வளவு ஏன் என்று எண்ணாதீர்கள். நாளை சிலர் நகராட்சியில் அமர்வீர்கள். சிலர் சட்டமன்றம் செல்வீர்கள். தோற்றவனை மதிக்கும் பழக்கத்தை இங்கே கல்லாதவர் அங்கே கற்கப்போவதில்லை. வருகிற பொதுக்குழுவில் இத்திருத்தங்களை நான் முன்மொழிவேன். வழிமொழிய வாருங்கள்; எதிர்க்க வேண்டுமானால் அதற்கும் வாருங்கள்.