முடியாததையும் எழுதுங்கள்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 1957-இல் உருவான மிளகு வணிகச் சங்கத்தில், மூட்டையைப் பிரிக்காமல் ‘எம்ஜி1’ என்ற தரக்குறிப்பை நம்பியே முன்பேரம் நடந்தது. மொபைல் செயலிகளைப் பிரித்து ஆராயும் ஏஐ முகவரும் கருவியின் விவரக்குறிப்பைப் படித்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறது. ஜாடெக்ஸ், ஃப்ரிடா என்ற இரு கருவிகளுக்கும் ‘செயலியை ஆராயும்’ என்றே எழுதிவைத்தால் முகவர் என்ன செய்யும்? ஜாடெக்ஸ் ஏபிகே கோப்பிலிருந்து ஜாவா நிரலை மீட்டுத் தரும். செயலி ஓடும்போது மட்டுமே உருவாகும் ரகசியச் சாவியை அதில் தேடிப் பயனில்லை. அதற்கு, ஓடும் செயலிக்குள் பார்க்கும் ஃப்ரிடா வேண்டும். வங்கிச் செயலியைச் சோதிக்கையில், பொருந்தாத கருவி தரும் ‘ஓட்டை ஏதுமில்லை’ என்ற பதில் மிக ஆபத்தானது. ஆகவே விவரக்குறிப்பின் நடையைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். நிஜ வேலைகளைக் கொடுத்து, முகவர் எதை எடுத்தது, எதைத் தவறவிட்டது என்று பாருங்கள். கருவியால் முடியாததைச் சொல்லாத குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.