சபைப் புத்தகத்தில் ஒரு பெயர்

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. உத்தரவு வந்தால் குடியிருப்பைக் காலி செய்து, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைப் பெற்று, பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். புதிய ஊரில் வீடு கிடைத்துவிடும். நல்ல அரிசி விற்கும் கடையும் தெரிந்துவிடும். நம்மைத் தம்மவராக ஏற்பவர் கிடைப்பதே அரிது. இக்குறையை நம்மிடையே வாழும் கிறிஸ்தவ அன்பர்கள் எவ்வாறு தீர்த்துக் கொள்கின்றனர் என்பதை இத்திங்கள் கவனிப்போம். எச்சமயத்தார்க்கும் இதில் கற்கத்தக்கது உண்டு.

சபை ஒன்றில் உறுப்பினராய் இருப்பவர் வேற்றூர் செல்லும்போது, சேகர குருவானவரிடம் மாற்றுக் கடிதம் பெற்றுச் செல்வது வழக்கம். இன்னார் ஞானஸ்நானம் பெற்றவர், திடப்படுத்தல் பெற்று நற்கருணையில் பங்குகொள்பவர் என்று சில வரிகளே அதில் இருக்கும். அதனைப் புதிய சபையில் கொடுத்தால் அவர் பெயர் அங்குள்ள ஏட்டில் ஏறும். 1947ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் 1970ல் உருவான வட இந்தியத் திருச்சபையும் தம்முள் முழு ஐக்கியம் உடையவை. ஆதலால் தெற்கிலிருந்து செல்பவர் வடக்கே அந்நியர் அல்லர்.

அலுவலகத்தில் நாம் நாள்தோறும் எத்தனையோ பதிவேடுகளைப் புரட்டுகிறோம். ஓய்வு பெற்றதும் ஊழியர் பட்டியலிலிருந்து நம் பெயர் நீங்கிவிடும். சபையின் ஏடுகள் அவ்வாறல்ல. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று ஏடுகள். தொட்டில் முதல் கல்லறை வரை அவை ஒருவரைக் கைவிடுவதில்லை. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தோர் 40 பேரே. அவர்களுள் ஒருவரான குளோரிந்தா அம்மையாரின் முயற்சியால் 1785ல் அங்கே ஓர் ஆலயம் எழுந்தது. இன்று பரந்து நிற்கும் திருநெல்வேலித் திருச்சபையின் வேர்களுள் அச்சிறு பட்டியலும் ஒன்று.

எனினும் ஏட்டில் பெயர் இருப்பதனால் மட்டும் உறவு உண்டாகிவிடாது. உறவை வளர்ப்பது வேலை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் இல்லத்தரசிக்குச் சபையில் பங்கு உண்டு. அதுவே பிடியரிசிக் காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயை ஏலம் கூறுபவர்க்கும், அசனத்திற்குக் காய் நறுக்குபவர்க்கும், பாடகர் குழுவில் நிற்கும் சிறுவனுக்கும் பங்கு உண்டு. நோயாளியைப் பார்க்கச் செல்வதற்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பதற்கும் ஆள் வேண்டும்.

நாம் அறிந்த சபை ஒன்றில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார், மக்கள் தூர தேசத்தில். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைப்பது அவர் பணி. ஒரு ஞாயிறு புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. ஆராதனை முடிந்த உடனே இருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். கடுங்காய்ச்சலில் அவர் எழ இயலாது கிடந்தார். அன்றுமுதல் பத்து நாட்கள் முறைவைத்து வீடுகளிலிருந்து கஞ்சி சென்றது. அவர்க்கென்று ஒரு வேலை இல்லாதிருந்தால், அவர் வராததை அன்றே எவர் கண்டிருப்பார்?

தொலைவில் வாழ்வது நோக்கமற்ற வாழ்வாகிவிட வேண்டியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1903ல் திருநெல்வேலிச் சபையார் தம் சொந்தக் காணிக்கையைக் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினர். அதன் முதல் செயலாளரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவர் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். ரயில் சந்திப்பாக நம்மவர் பலர் அறிந்த ஊர் அது. அங்கே தெலுங்கு கற்றார். எளிய கிராம மக்களோடு பழகினார். 1912ல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயராகவும் ஆனார். 1945ல் மறையும் வரை அவ்வூரே அவர் ஊர்.

சபைகளில் பூசல் இல்லையென்று கூறோம். தேர்தல் வந்தால் கட்சி உண்டு. ஊர்ப்பற்றும் சாதிப்பற்றும் சில வேளைகளில் ஆலயத்துக்குள்ளும் நுழைவதுண்டு. அவற்றினும் பெரிய ஆபத்து வேறு. மாற்றுக் கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, "அடுத்த மாதம் கொடுக்கலாம்" என்றிருக்கும் குடும்பங்கள் பல. மாதங்கள் ஆண்டுகளாகின்றன. பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறக்கின்றனர். பின்னர் வீட்டில் ஒரு திருமணமோ மரணமோ நேரும்போது, அறிமுகமற்ற வாசலில் போய் நிற்க நேரிடுகிறது.

ஆதலால் அன்பர்களே, கையில் கடிதம் உள்ளவர்கள் முதல் ஞாயிறே அதனைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தபின், "எமக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். தமிழ் தடுமாறும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல், கிறிஸ்துமஸ் கீத பவனியில் ஒரு கீர்த்தனையின் ஓரடியையேனும் பாடச் செய்யுங்கள். கோவில் திருப்பணியிலும் பள்ளிவாசல் ஜமாஅத்திலும் பங்குகொள்வோர்க்கும் இது பொருந்தும். நம் சங்கமும் புதிதாய் வருபவரிடம் சந்தா வாங்குவதோடு நின்றுவிடாமல், அன்றே ஒரு சிறு பொறுப்பையும் கொடுக்கட்டும்.