காரைச் சேர்விசுக்கு விட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது யார் செலவில்?



ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் குடியேறும் எமது குடும்பங்கள் பல, வந்து ஓரிரு வருடங்களுக்குள்ளேயே எப்படியாவது ஒரு காரை வாங்கிவிடுகின்றன. இது ஆடம்பரத்துக்காக அல்ல. தகப்பனுக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை, பிள்ளைகளுக்குப் பாடசாலை. தொழிற்சாலை இருக்கும் பக்கத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. கார் ஒருநாள் நின்றால் வீட்டில் எல்லாமே குழம்பிவிடும்.

அதனால்தான் டீலரிடம் காரைச் சேர்விசுக்கு விடும் காலையில், "உங்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம்" என்றோ "இன்றைக்கு ஒரு மாற்றுக் கார் தருகிறோம்" என்றோ சொன்னால் மறுபேச்சின்றித் தலையாட்டி விடுகிறோம். மாலையில் காசு கட்டப் போகும்போதுதான் ஒயில், பில்ரர் என்ற வரிகளுக்குக் கீழே போக்குவரத்துக்கென்று இன்னொரு வரி இருப்பது தெரிகிறது. அதற்கும் சேர்த்து 13 வீத எச்.எஸ்.ரி. வரி. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வேலைக்கும் நேரமாகிவிட்டது. "சரி, போகட்டும்" என்று கட்டிவிட்டு வருகிறோம்.

ஊரில் கராஜில் வாகனத்தை விட்டால், அங்கு வேலை செய்யும் தம்பி சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போவார். அதற்குக் காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் அதை ஓர் உதவி என்று நினைக்கிறோம். இங்கே அதைக் 'கேர்ட்டசி ஷட்டில்', 'கேர்ட்டசி கார்' என்பார்கள். கேர்ட்டசி என்றால் மரியாதை என்று பொருள். அந்தப் பெயரை மட்டும் வைத்து இலவசம் என்று எண்ணிவிட முடியாது. சில இடங்களில் அது இலவசம். சில இடங்களில் குறிப்பிட்ட தூரம் வரைதான் இலவசம். வேறு சில இடங்களில் கட்டணம் உண்டு.

கட்டணம் கேட்பதே குற்றமா என்றால், இல்லை. வாடிக்கையாளரை இலவசமாகக் கொண்டுபோய் விடவேண்டும் என்று எந்தச் சட்டமும் டீலரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் கட்டணம் போடுவது வேறு விடயம். இங்கேதான் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குத் துணை நிற்கிறது.

2005 யூலை முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காரைத் திருத்துபவர் வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் ஒரு மதிப்பீடு தரவேண்டும். இதைத்தான் எஸ்ரிமேற் என்கிறார்கள். அதில் உதிரிப்பாகங்களின் விலையும் கூலியும் இருந்தால் மட்டும் போதாது. காரை வந்து எடுப்பது, கொண்டுவந்து தருவது, நிறுத்தி வைப்பது, தற்காலிகமாக வேறொரு கார் தருவது போன்ற மற்றச் சேவைகளுக்குக் காசு அறவிடப்போவதாக இருந்தால், அவை ஒவ்வொன்றும் அதற்குரிய தொகையோடு தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும். ஆகவே ஷட்டிலுக்கு எவ்வளவு என்று கேட்பது கஞ்சத்தனமும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. அவர்கள் தாமாகவே எழுதித் தரவேண்டியதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

இன்னுமொன்று. இறுதித் தொகை மதிப்பீட்டை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. 400 டொலர் என்று எழுதித் தந்தவர் 440 டொலருக்கு மேல் கேட்க முடியாது. மேலதிக வேலைக்கு நீங்கள் சம்மதித்தால் அது வேறு கதை. அந்தச் சம்மதத்தில்தான் எம்மவர்கள் பலர் அகப்படுகிறார்கள். மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிறேக் தேய்ந்திருக்கிறது, மாற்றட்டுமா? கார் நாளைக்குத்தான் கிடைக்கும்" என்று வேகமாக ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாங்களும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே "யெஸ், யெஸ்" என்றுவிடுவோம். பிறேக்குக்கு மட்டுமல்ல, மாற்றுக் காரின் இரண்டாம் நாள் வாடகைக்கும் சேர்த்துச் சம்மதித்ததாக அது ஆகிவிடலாம். விளங்காவிட்டால் மெதுவாகச் சொல்லும்படி கேளுங்கள், அல்லது திருப்பி எடுப்பதாகச் சொல்லி வையுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஆங்கிலம் தெரிந்த பிள்ளையையோ அயலவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

திறப்பைக் கொடுக்குமுன் கேட்கவேண்டியதைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். வெட்டி எடுத்துக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"இஸ் த ஷட்டில் ஃபிறீ? ஹவ் மச் இஸ் இற், வண் வே ஓர் போத் வேய்ஸ்?" ஷட்டில் இலவசமா, கட்டணம் எவ்வளவு, அது ஒரு வழிக்கா இரு வழிக்குமா என்பது இதன் பொருள்.

"பிளீஸ் றைற் இற் ஒன் தி எஸ்ரிமேற்." மதிப்பீட்டில் எழுதித் தாருங்கள் என்று பொருள்.

மாற்றுக் கார் எடுப்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உங்கள் காப்புறுதி. சொந்தக் கார் திருத்தத்தில் நிற்கும்போது தற்காலிகமாக ஓட்டும் காருக்கும் பொதுவாக உங்கள் காப்புறுதியே பொருந்தும். ஆனால் செலவைக் குறைக்க மோதல் காப்புறுதி எடுக்காமல் விட்டவர்களுக்கு, இரவல் காரில் ஏற்படும் சேதம் பெருஞ்சுமையாகிவிடலாம். எடுக்குமுன் காப்புறுதி முகவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவது, கையொப்பமிட்டவர் தவிர வேறு எவரிடமும் அந்தக் காரை ஓட்டக் கொடுக்காதீர்கள். மூன்றாவது, 407 நெடுஞ்சாலை. அங்கே இலக்கத்தகட்டைப் படம்பிடித்துச் சொந்தக்காரருக்குக் கட்டணம் அனுப்புவார்கள். அது டீலருக்குப் போய், அவர்களுடைய நிர்வாகச் செலவும் சேர்ந்து உங்களிடம் திரும்பி வரும். 401 நெரிசலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வது நல்லது. நான்காவது, பெற்றோல் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் திருப்பிக் கொடுங்கள். ஏற்கனவே உள்ள கீறல்களை எடுக்கும்போதே காட்டிக் குறிப்பித்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் மாற்றுக் காருக்குக் கிரெடிட் கார்ட் கட்டாயம் என்பார்கள். புதிதாக வந்தவர்களிடம் அது இருக்காது. இதையும் நாள் குறிக்கும்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டால், அன்று காலையில் போய் நின்று அலைய வேண்டியதில்லை.

வேறு வழிகளும் உண்டு. ரி.ரி.சி. பஸ்ஸில் பிரெஸ்டோ அட்டையால் கட்டினால், ஒரு கட்டணத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறி ஏறலாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் முறைவைத்து ஒருவரை ஒருவர் ஏற்றி இறக்கினால் இரு வீட்டுக்கும் இலாபம். டீலரிடமே சேர்விஸ் செய்யாவிட்டால் வாறண்டி போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. கையேட்டில் சொன்ன காலத்தில் சொன்ன வேலையைச் செய்து, பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால், வழக்கமான சேர்விசைப் பக்கத்துக் கராஜிலும் செய்யலாம். வாறண்டியில் செய்யும் பழுதுபார்த்தலுக்குத்தான் டீலரிடம் போகவேண்டும். அப்படிப் போகும்போது கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். சில வாறண்டிகளில் மாற்றுப் போக்குவரத்தும் அடங்கும்.

கார் வாங்கும்போது விற்பனையாளர் "சேர்விசுக்கு வந்தால் எப்போதும் இலவசமாக ஏற்றி இறக்குவோம்" என்று சொன்னாரா? வாங்கும் பத்திரத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

எல்லாம் கேட்ட பிறகும் எழுதாத கட்டணம் ஒன்றைப் போட்டால் என்ன செய்வது? அங்கே நின்று சண்டை பிடிக்காதீர்கள். காசு கட்டும்வரை காரைத் தடுத்து வைக்கத் திருத்தியவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. எந்தக் கட்டணத்தை மதிப்பீட்டில் காணவில்லை என்று முகாமையாளரிடம் காட்டுங்கள். அவர் இணங்காவிட்டால், இந்தத் தொகையை ஏற்காமலே கட்டுகிறேன் என்று பற்றுச்சீட்டில் எழுதி, கட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு மதிப்பீட்டின் பிரதியோடு காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். சட்டத்துக்கு மாறாக அறவிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வருட அவகாசம் உண்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடலாம். இதனால் உங்கள் குடிவரவு வழக்குக்கோ அகதிக் கோரிக்கைக்கோ எந்தப் பாதிப்பும் வராது. முறைப்பாடு செய்வது இங்கே எல்லோருக்கும் உள்ள சாதாரண உரிமை.

இருபது டொலரோ முப்பது டொலரோ பெரிய தொகையா என்று சிலர் நினைக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று உழைத்தால்தான் அந்தக் காசு கைக்கு வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்.