கணினி மாற்றம்: காலக்கெடுவும் கணக்கும்

நான் உறுப்பினராக உள்ள ஒரு சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அண்மையில் ஒரு விலைப்புள்ளி முன்வைக்கப்பட்டது. அலுவலகத்தில் உள்ள பன்னிரண்டு கணினிகளையும் அகற்றிவிட்டுப் புதியவை வாங்க ரூ.5.40 லட்சம் ஆகும் என்றது அந்தத் தாள். 'விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது' என்ற ஒற்றை வரிதான் அதற்குக் கூறப்பட்ட காரணம். குழுவில் சிலர், வம்பு எதற்கு, வாங்கிவிடலாம் என்றனர். சிலர், நன்றாக ஓடுகிற கணினியை ஏன் தூக்கி எறிய வேண்டும் என்றனர். பொருளியல் கற்பித்தவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். இரண்டு முடிவுகளும் தவறானவை என்றேன். அன்று சொன்ன காரணங்கள் அந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சிறு நிறுவனங்கள், உள்ளாட்சி அலுவலகங்கள், உதவிபெறும் பள்ளிகள், தணிக்கையாளர் அலுவலகங்கள் எனப் பலரும் இதே கேள்வியின் முன் நிற்கின்றனர்.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. இதனால் கணினி நின்றுவிடாது, கோப்புகள் மறைந்துவிடாது. ஆனால், அந்த மென்பொருளில் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு, கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேராதவர்களுக்கு இனித் திருத்தம் வராது. வீடு அப்படியே இருக்கிறது. பூட்டு பழுதானால் சரிசெய்ய மட்டும் ஆள் வரமாட்டார். முதல் நாள் எந்த வேறுபாடும் தெரியாது. மாதங்கள் செல்லச் செல்லத் திருத்தப்படாத ஓட்டைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆபத்து மெல்லச் சேர்வதால்தான் அதைத் தள்ளிப்போட மனம் துணிகிறது.

இந்த நாள் திடீரென வந்ததும் அன்று. விண்டோஸ் 10 வெளியானபோதே அதன் ஆதரவுக் காலம் அறிவிக்கப்பட்டுவிட்டது. பத்து ஆண்டு அவகாசம் நமக்கு இருந்தது. எதிர்பாராதது வேறொன்று. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய நுண்செயலியையும் கட்டாயமாக்கியது. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். இதனால் 2018-இல் கடையில் புதிதாக வாங்கிய கணினிகூடத் தகுதியற்றதாகிவிடக்கூடும். பாதுகாப்பை வன்பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற தொழில்நுட்பக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயத்துக்கான செலவை ஏற்பவர் விற்றவர் அல்லர், வாங்கியவர்.

இனி, 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்ற வாதத்துக்கு வருவோம். பழைய கணினியால் வரும் இழப்பு அதன் உரிமையாளரோடு நின்றுவிடுமானால் இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் அது அப்படி நிற்பதில்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஒருவர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டால் கொசு தெருவெங்கும் பரவுகிறது. 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற ரேன்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவி, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. கேரளத்தில் வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. 2024 ஜூலையில் நம் நாட்டில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்த ஒரு நிறுவனம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் தடைபட்டது. அதற்குப் பழைய இயங்குதளம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓரிடத்தின் பலவீனம் எத்தனை பேரின் அன்றாடத்தை நிறுத்தும் என்பதற்கு அது சான்று.

எங்கள் சங்கத்தின் கணினிகளில் உறுப்பினர்களின் ஆதார், நிரந்தரக் கணக்கு எண், ஊதியம், கடன் ஆகிய விவரங்கள் இருக்கின்றன. அவை சங்கத்தின் சொத்தல்ல; நம்பி ஒப்படைக்கப்பட்டவை. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. திருத்தம் வராத கணினியை இணையத்தில் இணைத்து வைத்திருந்ததை நாளை எவரிடமும் நியாயப்படுத்துவது கடினம்.

அப்படியானால் பன்னிரண்டையும் மாற்றிவிடலாமா? இங்கேதான் வான்னக்ரையின் இன்னொரு பாடம் உதவுகிறது. அன்று பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பியில் இயங்கியவை அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-இல் இயங்கியவை. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்டதுதான் கேடானது. புதிய இயங்குதளம் மட்டுமே பாதுகாப்பாகாது. பராமரிக்கும் பழக்கம் வேண்டும். காப்புப் பிரதி எடுக்காத, எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகிற, புதுப்பிப்பு அறிவிப்பு வந்தால் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துகிற ஓர் அலுவலகம் ஐந்தரை லட்சம் ரூபாய் செலவிட்டாலும், பழைய பழக்கத்தைப் புதிய பெட்டிக்குள் வைத்ததாகவே முடியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை நிறுவனமே காட்டுகிறது. கட்டணம் செலுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். நிறுவனங்களுக்கு அறிவிக்கப்பட்ட கட்டணம், கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர். அது ஒவ்வோர் ஆண்டும் இரு மடங்காகும். கூட்டிப் பாருங்கள்: 61, 122, 244, மொத்தம் 427 டாலர். டாலருக்கு ரூ.88 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ ரூ.37,500. எங்களுக்கு வந்த விலைப்புள்ளியில் ஒரு புதிய கணினியின் விலையே ரூ.45,000 தான். தாமதமாகச் சேர்ந்தால் கடந்த ஆண்டுக்கான கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். ஆகவே, ஓராண்டு அவகாசம் வாங்க இது உகந்த விலை. மூன்றாண்டு நிம்மதி வாங்க உகந்ததல்ல. பழைய வன்பொருளுக்குச் செலவிட்ட பணத்தை நினைத்து அதன்மீது மேலும் பணத்தைப் போடுவதை மூழ்கிய செலவின் மாயை என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறேன். அந்த மாயையின் மூன்றாண்டுத் தவணை இது.

கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறினால் என்ன என்று குழுவில் இளைஞர் ஒருவர் கேட்டார். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 2014-இல் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசே தன் துறைகளிடம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. ஆயினும், அரசு அலுவலகங்களுக்குள் செல்பவர் இன்றும் பெரும்பாலும் காண்பது விண்டோஸ் திரையைத்தான். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றிய பின், 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ சுமார் 30,000 அரசுக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் பணியில் இப்போது இறங்கியிருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகவே லினக்ஸில் இயங்குகின்றன. அங்கே மென்பொருளுடன் ஆசிரியர் பயிற்சியும், மலையாளப் பாடப் பொருள்களும் சேர்ந்தே வந்தன. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளல்ல. மாற்றத்தின் செலவு பயிற்சியிலும் பழைய கோப்புகளிலும் இருக்கிறது.

தமிழ் அலுவலகங்களில் அந்தச் செலவுக்கு ஒரு தனி முகம் உண்டு. யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுவிட்டது. ஆனாலும், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தீர்மானங்களும் கடிதங்களும் இன்னும் பல கணினிகளில் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். பாஸ்புக் அச்சிடும் பழைய பிரிண்டர் புதிய இயங்குதளத்தோடு ஒத்துப்போகும் என்ற உறுதியில்லை. இவற்றைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கப்படும் புதிய கணினி, பழைய கணினிக்குப் பக்கத்திலேயே ஓர் அலங்காரப் பொருளாக அமர்ந்துவிடும்.

ஆகவே, விலைப்புள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ஒரு பட்டியல் தயாரித்தோம். ஒவ்வொரு கணினியும் எப்போது வாங்கியது, எந்த நுண்செயலி, என்ன வேலை, இணையத்தில் இணைந்துள்ளதா, எந்த பிரிண்டர் என்று ஒரே தாளில் எழுதினோம். அதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஐந்து கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. அவற்றைக் கட்டணமின்றியே மேம்படுத்தலாம். காசாளர் பிரிவிலும் இணைய வங்கிச் சேவையிலும் பயன்படும் மூன்றைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். கடிதம் தட்டச்சிட மட்டும் பயன்படும் இரண்டில் லினக்ஸை நிறுவிப் பழகிப் பார்க்கலாம். பழைய கோப்புகளைக் காட்டும் ஒன்று, இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டு, கோப்புகள் யூனிகோடுக்கு மாற்றப்படும் வரை இருக்கும். எஞ்சிய ஒன்றை எவரும் பயன்படுத்துவதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரூ.5.40 லட்சம் ரூ.1.35 லட்சமாகக் குறைந்தது. விலக்கப்படும் கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல், நினைவகத்தில் உள்ள விவரங்களை முற்றிலும் அழித்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்மானித்தோம். உறுப்பினர் விவரங்கள் எடைக்கு எடை போய்விடக் கூடாது அல்லவா?

அந்தக் கூட்டத்தில் என்னை உறுத்தியது இந்தத் தொகையன்று. தணிக்கை அறிக்கைகளைப் புரட்டியபோது, ஒவ்வோர் ஆண்டும் கணினிகளுக்குத் தேய்மானம் கழிக்கப்பட்டிருந்தது. வருமான வரிக் கணக்கிலும் கணினிக்கான தேய்மான விகிதம் 40 விழுக்காடு. அந்த விகிதத்தில் ஐந்தாண்டில் கணினியின் மதிப்பு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, கணினி மூப்படைகிறது என்பது ஏட்டுக்கு ஆண்டுதோறும் தெரிந்திருந்தது. ஆனால், அதை மாற்றுவதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை. தேய்மானம் எழுத்தில் இருந்தது. நிதி கையில் இல்லை. எனவே பத்தாண்டுக்கு முன்பே அறிந்த ஒரு நாள், கடைசி வாரத்தில் நெருக்கடியாக வந்து நின்றது. நெருக்கடியில் இருப்பவரிடம் விற்பவர் சொல்வதுதான் விலை.

பெரிய அளவிலும் இதே கேள்வி எழுகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடியில் ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால், அந்தக் கணினிகளும் ஒரு நாள் மூப்படையும். அன்று ஒரு கிராமச் சங்கத்தின் செயலாளர் யாரிடம் கேட்பார்? எந்தத் தலைப்பில் செலவிடுவார்? பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும், இத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்ற உறுதியை ஒப்பந்தப்புள்ளியிலேயே அரசு நிபந்தனையாக்கலாம். மாற்று நிதியைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கலாம். வாங்குபவர் ஒன்றுபட்டுக் கேட்டால் விற்பவர் இறங்கி வருவார் என்பதற்கு ஐரோப்பா சான்று. நுகர்வோர் அமைப்புகளின் வலியுறுத்தலுக்குப் பின், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வீட்டுப் பயன்பாட்டுக் கணினிகளுக்கான ஓராண்டுக் கூடுதல் ஆதரவின் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டுக் கட்டணமின்றி அளிக்கப்பட்டது. நாம் கேட்கவே இல்லை.

விண்டோஸ் 11-உம் முடிவான தீர்வல்ல. சிறு அலுவலகங்கள் பயன்படுத்தும் ப்ரோ உரிமத்தில், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு 24 மாதங்கள்தான்; 2024-இல் வந்த பதிப்புக்கு 2026 அக்டோபரில் அது முடிகிறது. காலக்கெடுக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைக் குறிப்பவர் நாம் அல்லர். ஆனால், எந்தக் கணினி எப்போது மாற வேண்டும் என்ற பட்டியலும், அதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கிய சிறு தொகையும் கையில் இருந்தால், முடிவு நம்முடையதாக இருக்கும். எங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 'கணினி மாற்று நிதி' என்று ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்த வரி பத்தாண்டுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.