யானைக் குட்டிகளும் நெடுஞ்சாலையும்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசின் முன் நெடுநேரம் நின்று வியக்கும் நாம், அவ்வூரை அடையக் கடக்க வேண்டிய சாலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஊருக்கு மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்துகள் பல ஊருக்குள் நுழையாமல் அச்சாலையிலேயே பயணிகளை இறக்கிவிடுகின்றன. இறங்குவது மேற்கோரம், ஊரோ கிழக்கே. சென்னைக்குப் பேருந்து பிடிப்போரும் கிழக்கிலிருந்து அதே மேற்கோரத்துக்குக் கடந்தாக வேண்டும்.

'பார்த்துக் கடந்தால் என்ன?' என்று கேட்பார்கள். எளிய கணக்கொன்று உண்டு. ஏழு மீட்டர் அகலத்தை நடந்து கடக்க ஏறத்தாழ 6 நொடிகள் ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 130 மீட்டருக்கு மேல் வந்துவிடும். தொலைவில்தானே என்று எண்ணிக் கால் வைத்தவரை அது பாதிவழியில் எட்டிவிடும். கைக்குழந்தையோடு நடப்பவருக்கு ஆறு நொடிகளும் போதா. பிழை கண்ணில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், கடக்கும் கோடுகளில் நடப்போருக்கு வழிவிடும் கடமையை ஓட்டுநர் மீதே சுமத்துகின்றன. ஆயினும் வெள்ளைக் கோடு மட்டும் எந்த வண்டியையும் நிறுத்திவிடாது. நடைமேம்பாலம் தீர்வென்போரும் உளர். முழங்கால் வலியுள்ள முதியவர் அதில் ஏறமாட்டார், கீழேயே கடப்பார். பேருந்து ஆட்களை இறக்குமிடமெங்கும் முன்கூட்டியே வேகத்தடை, நடுவே ஒதுங்கி நிற்க இடம், இரவில் நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றும் வேண்டும்.

தபசுப் பாறையில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் அச்சமின்றி நிற்கின்றன. அந்த ஊரின் சாலையிடம் நாம் கேட்பதும் அவ்வளவே.