தேயிலைக்குப் புகைபோக்கி உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

குளிர் வந்துவிட்டது. கூடவே நிர்வாகத்தின் அறிவித்தலும் வந்துவிட்டது. லயக் காம்பராவுக்குள் கரி மூட்டிக் குளிர் காயக்கூடாதாம். மீறிச் செய்து ஏதும் நடந்தால் தோட்டம் பொறுப்பில்லையாம். மஸ்டர் அடிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். சில தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை வாசித்தும் காட்டினார்.

அறிவித்தலின் முதல் பாதியில் பிழையில்லை. மூடிய காம்பராவுக்குள் கரிச்சட்டி வைத்துவிட்டுத் தூங்கினால் ஆள் எழும்பாமலே போகலாம். இதைத் துரைமார் சொல்வதற்கு முன்பே சங்கம் சொல்லியிருக்கிறது, இப்போதும் சொல்கிறோம். எங்கள் சண்டை இரண்டாவது பாதியோடுதான். காம்பராவைக் கட்டியது யார்? புகை போக வழி வைக்காமல் கட்டியது யார்? சுவரில் ஓட்டை போட ஒரு தொழிலாளி அனுமதி கேட்டால், லயம் தோட்டத்துச் சொத்து, கை வைக்காதே என்று சொல்வது யார்? சொத்து அவர்களுடையது, சாவு மட்டும் எங்களுடையதா?

நெருப்பு என்ன செய்கிறது என்பதை முதலில் பேசுவோம். விறகோ, கரியோ, மண்ணெண்ணெயோ, கேஸோ, எது எரிந்தாலும் காற்றில் உள்ள ஒட்சிசனைத் தின்றுதான் எரியும். அது போதாத இடத்தில் அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு என்ற வாயுவை விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. புகை எழும்பாமல் சிவப்பாகக் கனலும் கரிதான் அதை அதிகம் விடுகிறது. புகை இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று நினைத்துத்தான் பலர் அந்தக் கரியை உள்ளே எடுத்து வருகிறார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டும் இடத்தில் இந்த வாயு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி வரும், குமட்டும், தலை சுற்றும், பிறகு தூக்கம் வரும். தூக்கம் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நினைப்பார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் பாதிப்பு இன்னும் கூட.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். பிள்ளை பெற்று வந்த பெண்ணைக் குளிர் தாக்கக்கூடாது என்று கதவு ஜன்னலைச் சாத்தி, கட்டிலடியில் தணல் சட்டி வைப்பது நம் வீடுகளில் உண்டு. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தையும் சாக்கைத் திணித்து அடைத்துவிடுவோம். பாட்டிமார் அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தச் சந்துதான் அந்தக் காம்பராவுக்கு இருந்த ஒரே புகைபோக்கி. தாயையும் பிள்ளையையும் போர்வையால் சூடாக வையுங்கள், துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலால் சூடாக வையுங்கள். தணலை வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி நிர்வாகத்திடம் வருவோம். புகையை மனிதரிடமிருந்து பிரிக்கும் வித்தை தோட்டத்துக்குத் தெரியாத ஒன்றா? தேயிலை ஸ்டோருக்குள் வேலை செய்யும் தோழர்களைக் கேளுங்கள். ட்ரையருக்குப் பக்கத்தில் அடுப்பு எரிகிறது. விறகு கட்டை கட்டையாக உள்ளே போகிறது. ஆனால் அந்தப் புகை ஒரு துளியும் தேயிலையில் படுவதில்லை. அடுப்பின் நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்குகிறது, வெளியிலிருந்து இழுக்கும் சுத்தமான காற்று அந்தக் குழாய்களைத் தொட்டுச் சூடாகி ட்ரையருக்குள் போகிறது. புகை தனி வழியாகப் புகைபோக்கியில் ஏறி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. ஏன் இத்தனை ஏற்பாடு? தேயிலையில் புகை வாடை ஏறினால் வாங்குபவன் முகம் சுளிப்பான், விலை விழும். பெல்ஃபாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சன் 'சிரோக்கோ' என்ற தேயிலை உலர்த்தும் இயந்திரத்தைக் கொண்டு வந்தது 1870களில். அப்படியானால் நெருப்பின் சூடு வேண்டும், நெருப்பின் மூச்சு வேண்டாம் என்ற கணக்கு தேயிலை முதலாளிமாருக்கு ஏறத்தாழ 150 வருடமாகத் தெரியும். இலைக்காகத் தெரிந்தது, இலை பறிக்கிறவளுக்காக மட்டும் மறந்துபோனது.

பங்களாவையும் பாருங்கள். வெள்ளைக்காரத் துரை தனக்குக் கட்டிய வீட்டில் காம்பராவுக்குக் காம்பரா கணப்பு அடுப்பு, அதற்கு மேலே கல்லால் கட்டிய புகைபோக்கி. அதே கொத்தனார், அதே கல், அதே மலை. லயத்துக்கு வந்தபோது 10 அடிக்கு 12 அடிக் காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் கட்டிக் கை கழுவினார்கள். தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்திடம் வந்தன, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடிக்க வெளிநாட்டவர் காசு கொடுக்கிறார்கள். லயத்தின் புகை மட்டும் உள்ளேயே நிற்கிறது.

காலை 4 மணிக்கு எழும்பிக் கவ்வாத்து மிலாறை அடுப்பில் திணித்து ஊதுகிற பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் யார் கணக்கெடுத்தார்கள்? எங்கள் அம்மாவும் பாட்டியும் இந்தப் புகையில்தானே வாழ்ந்தார்கள் என்று நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். வாழ்ந்தார்கள். இருமிக்கொண்டே வாழ்ந்தார்கள். அடுப்படிப் புகையால் சிறு பிள்ளைகளுக்கு நிமோனியாவும் பெரியவர்களுக்குத் தீராத சுவாச நோயும் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

விறகை விட்டுக் கேஸுக்கு மாறுங்கள் என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அதுவே 4,860 ரூபா. அன்று நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ ஐந்து நாள் மலையேற வேண்டியிருந்தது. அந்த 2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்ததையும் மறக்க முடியாது. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த புரப்பேன், பியூட்டேன் சேர்மானத்தை மாற்றியதையே முக்கிய காரணமாகக் காட்டியது. பழைய ஹோஸ், பழைய ரெகுலேட்டர் என்று அதுவரை பழி விழுந்ததெல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். கீழே இருப்பவன் மேல் பழி போடுவது தோட்டத்துக்குள் மட்டும் நடப்பதில்லை.

இப்போது கேஸ் ஹீட்டர் என்ற பேச்சும் லயத்துக்கு வந்திருக்கிறது. தனிவீடு கிடைத்தவர்கள், சேவைக்காலக் காசு கையில் வந்த ஓய்வாளிகள், பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் குடும்பங்கள் விசாரிக்கிறார்கள். குளிரில் நடுங்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் எல்லா ஹீட்டரும் ஒன்றல்ல. சக்கரம் வைத்த பெட்டிக்குள் சிலிண்டரையே வைத்து, முன்பக்கம் சிவப்பாக எரியும் ஒரு வகை உண்டு. மலிவானது, பார்க்க அழகானது. ஆனால் அது காம்பராவின் காற்றையே தின்று, கழிவையும் காம்பராவுக்குள்ளேயே விடும். லயத்துக்குள் அதை வைப்பது கரிச்சட்டிக்குச் சட்டை போட்டு வைப்பது போலத்தான். வாங்காதீர்கள்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் பொருத்துவது வேறு வகை. டிரெக்ட் வென்ட் என்பார்கள். ஸ்டோர் ட்ரையரின் அதே புத்திதான். நெருப்பு கண்ணாடி போட்டு இறுக மூடிய பெட்டிக்குள் எரிகிறது. குழாய்க்குள் குழாயாக இரண்டு குழாய், வெளிச் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. வெளிக்குழாய் வெளிக்காற்றை நெருப்புக்குக் கொண்டு வரும், உள்குழாய் கழிவை வெளியே தள்ளும். காம்பராவுக்குள் வருவது சூடு மட்டும்.

இதைப் பொருத்துவது விளையாட்டுக் காரியமல்ல. சிலிண்டர் கேஸுக்கு என்று செய்த பொருளா எனக் கேட்டு வாங்குங்கள். குழாய்வழி இயற்கை வாயுவுக்குச் செய்ததைச் சிலிண்டரில் மாட்டினால் சுவாலை கட்டுக்கடங்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல், அங்கே காற்று மெலிது, ஆகவே உயரமான இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்று விடாதீர்கள். குழாயின் வெளிவாய் ஜன்னல், கதவு, கூரைத் தாழ்வாரம், பக்கத்து வீட்டுச் சந்து ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது பொருளோடு வரும் புத்தகத்தில் இருக்கும், அதில் ஒரு அடி குறைக்கவும் விடாதீர்கள். அந்த வாயில் செடி படரக்கூடாது, குருவி கூடு கட்டக்கூடாது, சுடும் என்பதால் பிள்ளைகள் தொடாதபடி கம்பிக்கூடு வேண்டும். முன்கண்ணாடிக்கும் அப்படியே. அதன் மேல் கம்பளிச் சட்டை காயப் போடாதீர்கள். கண்ணாடி வெடித்திருந்தாலோ, சுவாலை நீலம் போய் மஞ்சளாகிக் கரி படிந்தாலோ மூட்டாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டும்.

சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடி ஓடும். நம் லயங்கள் படிப்படியாக வெட்டிய நிலத்தில் இருக்கின்றன. மேல் லயத்துச் சிலிண்டர் கசிந்தால் கான் வழியே கீழ் லயத்து அடுப்படிக்குப் போய்ச் சேரலாம். மூட்டுகளைச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர் ஒரு தடவைதான் பார்ப்பார். நம் நாட்டுச் சிலிண்டரில் பெரும்பங்கு பியூட்டேன், கடுங்குளிரில் அது சோம்பும், சுவாலை தணியும். அதற்காகச் சிலிண்டரை அடுப்புப் பக்கம் இழுப்பதோ, மேலே கொதிதண்ணீர் ஊற்றுவதோ கூடாது.

சரி, இதெல்லாம் லயத்துக்குள் நடக்குமா? முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் வெளியே இல்லை, இன்னொரு குடும்பம் இருக்கிறது. முன்சுவரைத் துளைத்தால் கழிவு இஸ்தோப்பில் விழும், அங்கேதான் வயதான தாய் பாய் விரித்திருக்கிறாள். ஆகவே அங்கே எந்தக் கேஸ் ஹீட்டரையும் பாதுகாப்பாகப் பொருத்த முடியாது என்று பச்சையாகச் சொல்கிறோம். பாதுகாப்பு என்பது கடையில் வாங்கும் பொருளில் மட்டும் இல்லை. வெளிச்சுவர் உள்ள வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டில் நமக்குள்ள உரிமையில் இருக்கிறது.

7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு வரும், அதுவரை பொறுங்கள் என்கிறார்கள். வீட்டுக்காக நாம் பொறுத்திருக்கலாம், மூச்சு பொறுக்காது. தனிவீடு வரும்வரை ஒவ்வொரு லய அடுப்படிக்கும் கூரைக்கு மேல் எழும் புகைபோக்கி நிர்வாகச் செலவில் வேண்டும். செங்கல்லும் தகரக் குழாயும் ஸ்டோரில் இல்லாத பொருளல்ல. புதிய வீட்டு வரைபடங்களில் அடுப்படிப் புகைபோக்கியும் ஹீட்டர் பொருத்த ஏற்ற வெளிச்சுவரும் காட்டப்பட வேண்டும். புகை வழி அமைக்க அனுமதி கேட்கும் தொழிலாளிக்கு எழுத்தில் பதில் வேண்டும், விசாரணைக் கடிதம் அல்ல.

இதற்கிடையில் குளிர் நிற்காது. அடுப்பு எரியும்போது கதவையோ ஜன்னலையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். படுக்கும் முன் கரியை வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அது காய்ச்சல் அல்ல. எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், உள்ளே நெருப்பு இருந்தது என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதம் லயம் லயமாகப் போக வேண்டும். எத்தனை காம்பரா, எத்தனையில் புகைபோக்கி, எத்தனையில் பின்சுவர் வெளியைப் பார்க்கிறது, எத்தனை வீட்டில் கைக்குழந்தை என்று எழுதி எடுங்கள். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கு, ஒரு பிரதி பெரியதுரைக்கு. துரையிடம் கொடுக்கும்போது நம் பிரதியில் திகதியோடு அவர் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.