அடிபட்ட பிறகு 48 மணி நேரம்; அடிபடும் முன்?

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ நல்ல திட்டம். சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை உண்டா என்றெல்லாம் கேட்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்தான். முன்பணம் கட்டும்வரை ஆளை ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்திவைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால், அடுத்த ஆண்டிலேயே தமிழகத்தில் 64,105 விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் சாலைகளில் மடிந்தவர்கள் 11.9 லட்சம் பேர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். இந்த மரணங்களில் 92 சதவீதம் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கிறது. உலகின் வாகனங்களில் அவற்றிடம் இருப்பதோ சுமார் 60 சதவீதம். வண்டி பெருகிவிட்டது, அதனால் சாவும் பெருகிவிட்டது என்ற விளக்கம் இங்கே நிற்காது.

ஒரு தெருவில் இருவருக்கு டெங்கு வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். தொட்டியைக் கவிழ்க்கிறார்கள், மொட்டைமாடியில் கிடக்கும் டயரை அப்புறப்படுத்துகிறார்கள். காய்ச்சல்காரர் கொசுவலை கட்டாமல் தூங்கினார் என்று எழுதிக் கோப்பை மூடுவதில்லை. சாலையில் நாம் செய்வது அதைத்தான். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்ற வரியோடு முதல் தகவல் அறிக்கை முடிகிறது. விபத்து நடந்த இடம் அப்படியே கிடக்கிறது.

அந்த இடம் எப்படி இருக்கும்? நான்கு வழிச் சாலையை ஒட்டிய ஏதோ ஓர் ஊரைப் பாருங்கள். பேருந்து சர்வீஸ் ரோட்டுக்குள் நுழையாமல் பிரதான சாலையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் பறக்கிறது. வீடு எதிர்ப்புறம். சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி. நடுவே அரளி வைத்த மீடியன். அதில் ஊர்க்காரர்களே செடியை ஒதுக்கி உண்டாக்கிய, ஓர் ஆள் நுழையும் சந்து. விளக்கில்லாத அந்தச் சந்தில் நின்று, கையில் பையோடு ஒரு பெண், 100 கி.மீ. வேகத்தில் வரும் காரின் தூரத்தைக் கணித்துக் கடக்க வேண்டும். ஒரு நாள் கணக்கு தப்பினால், தவறு ஓட்டுநருடையது அல்லது அந்தப் பெண்ணுடையது. பேருந்து நிறுத்தத்தை அங்கே விட்டவர் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு 1966இல் முதல் தலைவரான வில்லியம் ஹாடன் ஒரு மருத்துவர். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என மூன்று நிலை. மனிதர், வண்டி, சூழல் என மூன்று காரணி. ஆக ஒன்பது கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையைத் தந்தார். நமது அட்டவணையில் ‘முன்-மனிதர்’ என்ற கட்டத்தில் அறிவுரை வழிகிறது, ‘பின்’ வரிசையில் ஆம்புலன்ஸும் 48 மணி நேரமும். மற்றவை ஏறக்குறைய காலி. டெல்லி ஐஐடியின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் தினேஷ் மோகன் 2021இல் இறக்கும்வரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர் மாறமாட்டார் என்பதல்ல. வியட்நாம் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி விடாப்பிடியாக அமல்படுத்தியது; அணிவோர் 90 சதவீதத்தைத் தாண்டினர். இங்கே ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மீது பயணிக்கிறது, போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

சாலையை அமைத்தவரைப் பொறுப்பாக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரமற்ற வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ உயிர் போனால் ஒப்பந்ததாரர், ஆலோசகர், பொறுப்பான அமைப்பு ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. சுங்கச்சாவடி வசூலுக்கு முன் அது சில்லறை. அதைக் கேட்டு வழக்குப் போட வேண்டுமானாலும், மீடியனின் அந்த இடைவெளியை அளந்து எழுத மறுநாளே ஓர் ஆள் போயிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. யார், எங்கே, எப்படி அடிபட்டு வந்தார்கள் என்ற பட்டியலை அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு மாதம்தோறும் அங்கே வைக்கட்டும். நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் பதில் தரட்டும்.